ஹெட்லைட் மஞ்சள் பூத்தால் பற்பசை போதுமா?

2023 மார்ச் 12, காலை

கரூரிலிருந்து ஒருவர் எழுதியிருக்கிறார்: "பற்பசையைத் துணியில் எடுத்துப் பத்து நிமிடம் தேய்த்தேன். ஹெட்லைட் புதுசு மாதிரி ஆகிவிட்டது. இதற்குப் போய் தேய்க்க வாட்டர் பேப்பர், மேலே அடிக்க கிளியர் கோட் என்று எதற்குச் செலவு?"

நானும் தேய்த்திருக்கிறேன். போன தீபாவளிக்கு முந்தைய வாரம். அன்றைக்குப் பளபள என்றுதான் இருந்தது. கார்த்திகை முடிவதற்குள் பழையபடி மங்கிவிட்டது. பற்பசையில் இருப்பது மிக மெல்லிய அரைப்பொடி. மேலே படிந்த மெல்லிய மங்கலை அது வழித்து எடுக்கும். எடுத்த இடத்தில் வெயில் படாமல் காக்க எதையும் விட்டுச்செல்லாது. சோடா உப்பும் வினிகரும் கலந்து தேய்த்தாலும் இதே கதைதான்.

லேசான மங்கல், நாளைக்கு எஃப்.சி.க்கு, அதாவது வண்டியின் தகுதிச் சான்றுக்குப் போக வேண்டும் என்றால் தேயுங்கள், தப்பில்லை. அதையே வைத்தியம் என்று நம்பி இராத்திரி நெடுஞ்சாலையில் ஏறாதீர்கள்.

2023 மார்ச் 12, இரவு

காலையில் அவசரமாக எழுதிவிட்டேன். இதில் நான் ஏன் இவ்வளவு பிடிவாதமாக இருக்கிறேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

போன மாதம் புதுக்கோட்டையிலிருந்து திருச்சிக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். கீரனூர் தாண்டியதும் முன்னால் வைக்கோல் ஏற்றிய டிராக்டர். பின்னால் சிவப்பு விளக்கும் இல்லை, ரிஃப்ளெக்டரும் இல்லை. வைக்கோல் என் லைட்டின் மஞ்சளிலேயே கலந்துபோய், கிட்டத்தில் வந்த பிறகுதான் அப்படி ஒன்று இருப்பதே தெரிந்தது. பிரேக்கில் ஏறி நின்றேன். பின் சீட்டில் தூங்கிக்கொண்டிருந்த பிள்ளை முன் சீட்டில் வந்து மோதினாள். அடி ஒன்றும் இல்லை. வீடு வந்து இறங்கியதும் டார்ச் அடித்து ஹெட்லைட்டைப் பார்த்தேன். டார்ச் வெளிச்சமே உள்ளே போகவில்லை. பதினொரு வருஷ வண்டி. தினமும் துடைக்கிறேன், ஆனால் பற்பசை மங்கிப்போன பிறகு அதை ஒருநாளும் உற்றுப் பார்த்ததில்லை.

சரி, ஏன் மஞ்சளாகிறது? நாம் கண்ணாடி என்று சொல்கிறோமே தவிர, அது கண்ணாடி இல்லை, பாலிகார்பனேட் பிளாஸ்டிக். கல் தெறித்தாலும் உடையாது, எடை குறைவு, எந்த வடிவத்திலும் வார்க்கலாம். ஆனால் வெயிலில் இருக்கும் புற ஊதாக் கதிர் அதற்கு ஆகாது. அதனால் கம்பெனியிலேயே மேலே கெட்டியான ஒரு பூச்சு கொடுத்து அனுப்புகிறார்கள். சில மைக்ரான் கனம்தான், தலைமுடியின் கனத்தில் ஒரு சிறு பங்கு. நாலைந்து வருஷ வெயிலில் அந்தப் பூச்சு பொரிந்து, மீன் செதில் மாதிரி அங்கங்கே உரிகிறது. அதற்கடியில் இருக்கும் பிளாஸ்டிக் வெயிலும் காற்றும் பட்டு மஞ்சளாகிறது.

பல்பின் சூட்டால்தான் மஞ்சளாகிறது என்று எங்கள் பகுதி மெக்கானிக் சொல்கிறார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. என் வண்டி வீட்டு வாசலில் தெற்கே முகம் வைத்து நிற்கும். இடப்பக்கம் வேப்ப மரம், வலப்பக்கம் வெட்டவெளி. இரண்டு லைட்டும் ஒரே நேரம் எரிந்து ஒரே நேரம் அணைகின்றன. ஆனால் வலது லைட் தேன் நிறத்துக்கு வந்துவிட்டது. இடது லைட்டில் பாதி மங்கல்கூட இல்லை.

2023 மார்ச் 19

இன்று ஞாயிற்றுக்கிழமை முழுக்க இதிலேயே போனது. செய்ததை அப்படியே எழுதுகிறேன்.

பெயிண்ட் கடையில் வாட்டர் பேப்பர் 600, 800, 1000, 1500, 2000 நம்பர்களில் இரண்டிரண்டு தாள், நம்பர் ஏற ஏறத் தாள் நைசாகும். மாஸ்கிங் டேப், பளபளப்பாக்கும் பசையான ரப்பிங் காம்பவுண்ட், ஒரு வாளித் தண்ணீரில் இரண்டு சொட்டு ஷாம்பு. வண்டியை மர நிழலுக்கு நகர்த்திக்கொண்டேன். லைட்டைச் சுற்றிப் பம்பர், பானெட் ஓரமெல்லாம் டேப் இரண்டு அடுக்கு. ஓர் அடுக்கு போதாது. 600 நம்பர் ஒரு தடவை தவறிப் பட்டாலே பெயிண்ட் போய்விடும்.

தாளைக் கால் மணி நேரம் ஊறவைத்துவிட்டு, 600ல் படுக்கைவாட்டில் தேய்க்க ஆரம்பித்தேன். முதலில் வடிந்த தண்ணீர் மஞ்சளாக, வெல்லப்பாகைக் கரைத்தது போல இருந்தது. பூச்சு மிச்சம் இருக்கும் இடத்தில் தாள் வழுக்கிக்கொண்டு போகும். பிளாஸ்டிக் தெரிந்த இடத்தில் கரகரவென்று பிடிக்கும். கையிலேயே அந்த வித்தியாசம் தெரிகிறது. எல்லா இடத்திலும் ஒரே மாதிரி பிடித்து, தண்ணீரும் பால் வெள்ளையாக வடிந்த பிறகுதான் பழைய பூச்சு முழுசும் போயிற்று என்று அர்த்தம். இங்கே பொறுமை இழந்தால் அப்புறம் திட்டுத் திட்டாகத் தெரியும்.

அடுத்து 800. இதைச் செங்குத்தாகத் தேய்க்க வேண்டும். முந்தைய படுக்கைக் கீறல் ஒன்றுகூடத் தெரியாதவரை நிறுத்தக் கூடாது. 1000 மறுபடி படுக்கையாக, 1500 செங்குத்தாக. திசை மாற்றாமல் தேய்த்தால் எந்தக் கீறல் எந்தத் தாளுடையது என்று கண்டுபிடிக்கவே முடியாது. இதை எனக்குச் சொல்லித்தந்தவர் டிங்கரிங் பட்டறையில் பெயிண்டராக இருக்கும் ஓர் அண்ணன்.

600 முடிந்த நிலையில் லைட்டைப் பார்த்தால் வயிறு கலங்கும். முழுக்கச் சுண்ணாம்பு அடித்தது போல இருந்தது. கெடுத்துவிட்டேன் என்றே நினைத்தேன். ஒரு குவளைத் தண்ணீரை மேலே ஊற்றியதும் அது கண்ணாடி போலத் தெளிந்தது. காய்ந்ததும் மறுபடி வெள்ளை. அந்த ஒரு குவளைத் தண்ணீர்தான் எனக்குத் தைரியம் கொடுத்தது.

இன்னொன்று, தேய்க்கத் தொடங்கும் முன் நடந்தது. வலது லைட்டின் நடுவில் பழைய கறுப்புப் பொட்டு ஒன்று ஒட்டியிருந்தது. எதிரே வருபவர் கண் கூசாமல் இருக்க டிராஃபிக் போலீஸார் எப்போதோ ஒட்டிய ஸ்டிக்கர். நகத்தால் சுரண்டி எடுத்தேன். அதற்கடியில் ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு வட்டம், ஷோரூமிலிருந்து வந்த அன்றைக்கு இருந்த தெளிவோடு இருக்கிறது! சுற்றிலும் தேன் நிறம், நடுவில் தண்ணீர். சூடுதான் காரணம் என்றால் கறுப்புப் பொட்டின் அடியில்தானே முதலில் மஞ்சளாகியிருக்க வேண்டும்? மெக்கானிக்கைக் கூப்பிட்டுக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார். "வெயில்தான் போல" என்றார்.

கடைசியில் 2000, காம்பவுண்ட், மேலே கார் வாக்ஸ். காலை எட்டுக்கு உட்கார்ந்தவன் எழுந்தபோது மணி இரண்டு. அப்பாவுக்குப் போன வருஷம்தான் கண்புரை எடுத்தோம். திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தவர், "எனக்கு அரை மணி நேரத்தில் முடித்துவிட்டார்கள், உன் வண்டிக்கு அரை நாளா?" என்று கேட்டுச் சிரித்தார்.

2023 மார்ச் 20

600ல் ஆரம்பித்தது ஏன் என்று கேட்கிறார்கள். என் லைட்டில் பூச்சு உரிந்திருந்தது. வெறும் மங்கல் மட்டும் என்றால் 1000ல் தொடங்கினால் போதும். முதலில் 1000 போட்டு ஐந்து நிமிடம் தேய்த்துப் பாருங்கள். அசையவில்லை என்றால் மட்டும் கீழே இறங்குங்கள்.

2023 ஏப்ரல் 2

கொசு விரட்டி ஸ்ப்ரே அடித்துத் துடைத்தால் பளிச்சென்று ஆகிறது என்று ஒரு வீடியோ சுற்றுகிறது. பளிச்சென்று ஆவது உண்மை. அதில் டீட் என்ற பொருள் இருந்தால் அது பிளாஸ்டிக்கின் மேல்தோலையே இளக்கிவிடும். இளகிய தோல் கீறல்களில் வழிந்து நிரம்புவதால் கொஞ்ச நாள் தெளிவாகத் தெரிகிறது. அப்புறம் அது பிசுபிசுத்து, முன்பைவிட மோசமாகும். வழியும் சொட்டு பெயிண்டில் பட்டால் அங்கேயும் தடம் விழும். வேண்டாம்.

ஒரு குவளையில் திரவத்தை ஊற்றி, மின்சாரத்தில் சூடாக்கி, அந்த ஆவியை லைட்டில் காட்டும் முறையும் இருக்கிறது. ஐந்து நிமிடத்தில் கண்ணாடியாகிவிடும். அந்தத் திரவம் பெரும்பாலும் டைகுளோரோமீத்தேனோ குளோரோஃபார்மோ. பாலிகார்பனேட்டைக் கரைக்கும் சரக்கு. அதை மூச்சில் இழுப்பது நுரையீரலோடும் ஈரலோடும் விளையாடுவது. செய்துகொடுக்கும் பையன்கள் மாஸ்க்கூடப் போடாமல் குனிந்து நிற்பதைப் பார்க்கும்போது மனசு பதறுகிறது. லைட்டுக்கும் நல்லதில்லை, கரைந்து இறுகிய தோலில் பிறகு நூல் நூலாக விரிசல் வரலாம்.

2023 ஏப்ரல் 9

விரிசல் என்று போன வாரம் எழுதினேன். அது என் லைட்டிலேயே வந்துவிட்டது.

போன ஞாயிறு வலது லைட்டின் மேல் மூலையில் டேப் பசை கொஞ்சம் ஒட்டியிருந்தது. தின்னரைத் துணியில் தொட்டு அழுத்தித் துடைத்தேன். பசை போய்விட்டது. நேற்று இரவு லைட்டைப் போட்டுவிட்டு முன்னால் வந்து பார்த்தால் அந்த மூலையில் மட்டும் சிலந்தி நூல் போல மினுமினுப்பு. மேலே நகத்தை ஓட்டினால் ஒன்றும் தட்டவில்லை. விரிசல் உள்ளே இறங்கியிருக்கிறது. வார்க்கும்போதே பிளாஸ்டிக்குக்குள் ஓர் இறுக்கம் தங்கியிருக்குமாம். தின்னர், பெட்ரோல், அசிட்டோன் போன்றவை பட்டால் அந்த இறுக்கம் விட்டுக்கொடுத்து விரிசலாகும். இதை எத்தனை தேய்த்தாலும் எடுக்க முடியாது. நல்லவேளை, வெளிச்சம் போகும் பாதையில் இல்லை.

துடைக்க ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் போதும். செல்போன் ரிப்பேர் செய்பவர்கள் ஐபிஏ என்று வைத்திருப்பார்கள்.

2023 ஜூலை 30

நான்கு மாதம் ஆகிறது. வலது லைட்டில் மங்கல் திரும்பிவிட்டது. இடது பரவாயில்லை.

அக்னி நட்சத்திரம் முழுக்க வண்டி வாசலில்தான் நின்றது. இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை வாக்ஸ் தடவினேன். நடுவில் ஊருக்குப் போனதில் ஒரு மாதம் விட்டுப்போயிற்று. மார்ச்சில் கரூர் நண்பரிடம், பற்பசை காப்பு எதையும் விட்டுச்செல்லாது என்று அவ்வளவு அழுத்தமாகச் சொன்னேன். அதே தவறைத்தான் நானும் ஆறு மணி நேரம் உழைத்துச் செய்திருக்கிறேன். அவர் எடுத்தது மேலிருந்த மங்கலை மட்டும். நான் எடுத்ததோ, கம்பெனிப் பூச்சில் மிச்சம் இருந்ததையும் சேர்த்து. வாக்ஸ் வெயிலிலும் மழையிலும் சில வாரம்தான் தாங்கும்.

தேய்ப்பது பாதி வேலைகூட இல்லை. மேலே என்ன பூசுகிறோம் என்பதுதான் வேலை.

2023 ஆகஸ்ட் 15

விடுமுறை. அப்பாவோடு பேசிக்கொண்டிருந்ததில் ஹெட்லைட் பேச்சு எங்கேயோ போய்விட்டது. அதையும் இங்கே போட்டுவைக்கிறேன்.

அப்பா இருபத்திரண்டு வருஷம் அம்பாசடர் டாக்ஸி ஓட்டியவர். "எங்கள் காலத்தில் மஞ்சள் ஏது? செங்கல் பட்டால் உடையும், அவ்வளவுதான்" என்கிறார். அது உண்மையான கண்ணாடி, வட்டமாக. வெயில் அதை ஒன்றும் செய்யாது. ஆனால் உள்ளே பல்பின் வெளிச்சத்தை முன்னால் திருப்பும் ரிஃப்ளெக்டர் கறுத்துப்போய் வெளிச்சம் செத்துவிடும் என்று அவரே அப்புறம் சொன்னார்.

பாலிகார்பனேட் ஒன்றும் நேற்று வந்ததில்லை. 1953லேயே ஜெர்மனியில் பேயர் கம்பெனியில் ஹெர்மன் ஷ்னெல்லும், அமெரிக்காவில் ஜெனரல் எலக்ட்ரிக்கில் டேனியல் ஃபாக்ஸும் தனித்தனியாகக் கண்டுபிடித்துவிட்டார்கள். ஹெட்லைட்டுக்கு வரத்தான் காலம் எடுத்தது. அமெரிக்காவில் 1940 முதல் மொத்தமாகச் சீல் வைத்த கண்ணாடி லைட்தான் கட்டாயம். பல்பு போனால் லைட்டையே மாற்ற வேண்டும். 1983ல் அந்த விதியைத் தளர்த்தி, பாலிகார்பனேட் முகப்புக்கும் இடம் கொடுத்தார்கள். 1984 மாடல் லிங்கன் மார்க் 7 காரில் பல்பை மட்டும் மாற்றக்கூடிய லைட் வந்தது. அதன் பிறகு காரின் முகமே மாறிவிட்டது. இன்றைக்கு லைட் பானெட் வரை ஏறி, மேற்புறம் வானத்தைப் பார்த்துச் சாய்ந்து கிடக்கிறது. உச்சி வெயில் நேராக அதில்தான் விழுகிறது. உங்கள் லைட்டிலும் மேல் பாதிதான் முதலில் மங்கியிருக்கும், பாருங்கள்.

2023 டிசம்பர் 10

மிக்ஜாம் புயல் மழையில் நின்ற வண்டி, லைட் உள்ளே மங்கலாக இருக்கிறது, எந்த நம்பர் தாள் போடுவது என்று வேளச்சேரியிலிருந்து ஒருவர் கேட்டார். தாளே போடாதீர்கள். விரலால் வெளியே தொட்டால் வழவழப்பாக இருந்து, உள்ளே முத்து முத்தாக நீர் தெரிந்தால் அது ஈரம். பின்பக்க ரப்பர் மூடியைக் கழற்றி, பல்பை எடுத்துவிட்டு, வெயிலில் காயவிடுங்கள். லைட்டின் பின்புறம் காற்றுப்போகச் சின்ன ஓட்டை இருக்கும்; அதில் சேறு அடைத்திருக்கிறதா பாருங்கள். அதை சிலிகான் வைத்து மூடிவிடாதீர்கள், அது இருக்க வேண்டிய ஓட்டை. வெள்ளநீரே உள்ளே புகுந்து ரிஃப்ளெக்டரில் சேற்றுப்படலம் இருந்தால் லைட்டை மாற்றுவதுதான் வழி. ரிஃப்ளெக்டரைத் துணியால் துடைத்தால் அந்த வெள்ளிப் பூச்சு கையோடு வந்துவிடும்.

2024 ஜனவரி 21

பொங்கல் முடிந்து இரண்டாம் முறை இறங்கினேன். இந்தத் தடவை 2கே கிளியர் கோட். வண்டி பெயிண்டுக்கு மேலே அடிக்கிறார்களே, இறுகவைக்கும் ஹார்டனர் கலந்து, அதே சரக்குதான். புற ஊதாக் கதிரைத் தாங்கும் பொருள் அதில் கலந்திருக்கும்.

இதை வீட்டில் அடிக்கவில்லை. அந்த ஹார்டனரில் இருப்பது ஐசோசயனேட். மூச்சில் போனால் ஆஸ்துமாவே வரலாம். சாதாரணத் துணி மாஸ்க் உதவாது. பட்டறைக்கு எடுத்துப்போனேன். கரி ஃபில்டர் வைத்த மாஸ்க் போட்டுக்கொண்டு அந்த அண்ணனே அடித்தார். முதலில் தூவல் மாதிரி ஒரு மெல்லிய கோட், பத்து நிமிடம் விட்டு அடுத்தது, பிறகு ஈரம் ததும்ப ஒன்று. முதல் கோட்டையே தண்ணியாக அடித்தால் அதில் இருக்கும் தின்னர் பிளாஸ்டிக்கைக் கடித்து விரிசல் விடும் என்றார். என் மூலையைப் பார்த்துவிட்டுத்தான் சொன்னார்.

வலது லைட்டை 600லிருந்து ஆரம்பித்து 1000 வரை தேய்த்து, வெள்ளையாகவே விட்டிருந்தேன். இடது நன்றாகத்தானே இருக்கிறது என்று காம்பவுண்ட் மட்டும் போட்டுத் துடைத்திருந்தேன். கோட் விழுந்ததும் வலது பக்கம் சுண்ணாம்பு வெள்ளை மறைந்து தெளிந்ததைப் பார்க்க வேண்டும். போன வருஷம் தண்ணீர் ஊற்றியபோது தெரிந்த அதே தெளிவு, இந்தத் தடவை காய்ந்த பிறகும் போகவில்லை.

வீட்டுச் சுவரில் கொத்தனார் நூல் பிடித்துச் சாக்பீஸ் கோடு போட்டு, டிம்மில் வெளிச்சத்தைப் பார்த்தேன். முன்பு சுவர் முழுக்க மஞ்சளாகப் பரவிக் கிடந்த வெளிச்சம் இப்போது கோட்டுக்குக் கீழே வெட்டினாற்போல நிற்கிறது. மங்கலான லைட்டில் வெளிச்சம் குறைவது மட்டுமில்லை, சிதறி எதிரே வருபவர் கண்ணிலும் அடிக்கிறது. இது நிறையப் பேருக்குத் தெரிவதில்லை.

2024 மே 5

இடது லைட்டின் மேல் ஓரத்தில் கிளியர் கோட் உரிகிறது. நகத்தால் இழுத்தால் செலோடேப் மாதிரி வருகிறது. வலது லைட், அந்த விரிசல் விட்ட, தேன் நிறத்தில் கிடந்த லைட், பாறை மாதிரி நிற்கிறது.

காரணத்தைப் பட்டறையில் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டார்: "வழவழன்னு இருந்தா எதைப் புடிச்சுக்கிட்டு நிக்கும் தம்பி?" காம்பவுண்டின் எண்ணெய்ப் பசையும், பளபளப்பாக்கிய மேல்பரப்பும் சேர்ந்து கோட்டைப் பிடிக்கவிடவில்லை. கிளியர் கோட் அடிப்பதாக இருந்தால் பாலிஷே போடக் கூடாது. 800, 1000ல் நிறுத்தி, ஷாம்புத் தண்ணீரில் கழுவி, ஐபிஏ போட்டுத் துடைத்து, அப்படியே அடிக்க வேண்டும். அந்தக் கீறல்களை கோட்டே நிரப்பிக்கொள்ளும். போன வருஷம் மார்ச் 19 குறிப்பில் 2000, காம்பவுண்ட் என்று எழுதியதைப் பார்த்துச் செய்பவர்கள் இதைக் கவனியுங்கள். அது கோட் அடிக்காதவர்களுக்கு மட்டும்.

2024 மே 6

பெயிண்டைக் காக்க ஒட்டும் பி.பி.எஃப். என்ற தெளிவான படலத்தை லைட்டில் ஒட்டலாமா? ஒட்டலாம், நல்ல காப்பு. ஆனால் தெளிவான லைட்டின்மேல் ஒட்ட வேண்டும். புது வண்டிக்கு முதல் வருஷத்திலேயே ஒட்டுவதுதான் எல்லாவற்றிலும் புத்திசாலித்தனம்.

2024 ஜூன் 23

இடது லைட்டைச் சுத்தமாக 600லிருந்து மறுபடி செய்தாயிற்று.

இவ்வளவு பாடுபடுவதற்குப் புது லைட்டே வாங்கலாமே என்று இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். நியாயமான கேள்வி. அமெரிக்காவின் வாகன ஓட்டிகள் சங்கமான டிரிபிள் ஏ 2018ல் அளந்து பார்த்தது. மங்கிய லைட்டில் புதுசின் வெளிச்சத்தில் சுமார் 20 சதவீதம்தான் வந்தது. தேய்த்துச் சரிசெய்ததில் சுமார் 70 சதவீதம். கம்பெனியின் புது லைட் போட்டால்தான் முழுசும். ஆகவே உள்பக்கம் மங்கியிருந்தால், ரிஃப்ளெக்டர் போயிருந்தால், விரிசல் நடுவில் இருந்தால் புதுசு வாங்குங்கள். காசு இருந்தால் மற்றபடியும் வாங்குங்கள். என் வண்டிக்கு ஜோடி விலை ஒரு மாதப் பள்ளிக் கட்டணம். தேய்த்துக் கோட் அடித்த செலவு அதில் ஆறில் ஒரு பங்குகூட வரவில்லை. இருபதிலிருந்து எழுபதுக்கு வருவதே எனக்குப் பெரிய விஷயம்.

வெளிச்சம் போதவில்லை என்று மங்கிய லைட்டுக்குள் 100/90 வாட் பல்பு மட்டும் போடாதீர்கள். 60/55க்குச் செய்த ஹோல்டரும் வயரும் அந்தச் சூட்டில் உருகும், சட்டப்படியும் தப்பு. சிதறல் இன்னும் கூடும். உங்களுக்கும் தெரியாது, எதிரே வருபவருக்கும் தெரியாது.

2025 மார்ச் 16

இரண்டு லைட்டும் தெளிவாக இருக்கின்றன. வலது பக்கத்துக்கு இது பதினான்காம் மாதம். வண்டியை இப்போது வடக்கே முகம் வைத்து நிறுத்துகிறேன், ஒரு பழைய காட்டன் லுங்கியை முன்னால் போர்த்திவிடுகிறேன். போன வாரம் அதே கீரனூர் சாலையில் இரவு ஒன்பதரைக்கு வந்தேன். லைட் இல்லாமல் போன சைக்கிள்காரர் ஒருவரின் பெடலில் இருந்த ரிஃப்ளெக்டர், மேலும் கீழும் போய்வருவது தூரத்திலிருந்தே தெரிந்தது. அவரைக் கடந்த பிறகும் கொஞ்ச தூரம் மெதுவாகத்தான் ஓட்டினேன்.

கரூர் நண்பர் மறுபடி எழுதியிருக்கிறார். பற்பசை போட்டது ஏழாவது தடவையாம்; இப்போது தேய்த்தாலும் தெளியவில்லையாம். படம் அனுப்பியிருந்தார். பூச்சு மேல் பாதியில் உரிந்துவிட்டது, உள்ளே நன்றாக இருக்கிறது. காப்பாற்றலாம். 600, 800, 1000 இரண்டிரண்டு தாள் வாங்கிக்கொள்ளுங்கள், 2000 வேண்டாம், காம்பவுண்ட் வேண்டவே வேண்டாம். பட்டறைக்காரரிடம் முதல் நாளே சொல்லிவையுங்கள். தேய்த்த அன்றைக்கே கோட் அடித்துவிட வேண்டும், வெறும் பிளாஸ்டிக்காக வெயிலில் நிறுத்தக் கூடாது. போகும் வழியில் லைட்டைக் கையால் தொடாதீர்கள். அடித்த பிறகு ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் படாமல் இருக்கட்டும். டேப்பை மட்டும் கோட் முழுசாக இறுகுவதற்கு முன்னால், மெதுவாக, வெளிப்பக்கமாக மடித்து உரியுங்கள்.